தேயிலைப் பெட்டியும் துவைக்கும் பலகையும்

ஜான் லெனன் பதினாறு வயதில் தொடங்கிய 'குவாரிமென்' குழுவின் கதை

தேயிலை ஏற்றிவந்து காலியான ஒட்டுப்பலகைப் பெட்டி, அதன் மேல் செங்குத்தாக நிறுத்திய துடைப்பக் கழி, கழியின் உச்சியிலிருந்து பெட்டியின் நடுவில் இட்ட துளை வரை இழுத்துக் கட்டிய ஒற்றைக் கயிறு. துணி துவைக்கும் நெளிநெளியான உலோகப் பலகை, அதை உரசுவதற்குத் தையற்காரர்கள் விரல்நுனியில் மாட்டிக்கொள்ளும் உறைகள். இவற்றோடு மலிவான கிதார் ஒன்றோ இரண்டோ. 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டனின் பள்ளிப் பையன்கள் ஆயிரக்கணக்கான இசைக்குழுக்களைத் தொடங்குவதற்கு இவ்வளவே போதுமானதாக இருந்தது. ஸ்கிஃபிள் என்று பெயர்பெற்ற அந்த இசையின் அலையில் தோன்றிய குழுக்களில் ஒன்றுதான், லிவர்ப்பூல் நகரத்தின் வூல்ட்டன் பகுதியில் ஜான் லெனன் கூட்டிய 'குவாரிமென்'. அதுவே நான்கு ஆண்டுகளுக்குள் படிப்படியாக உருமாறி பீட்டில்ஸ் ஆனது. பீட்டில்ஸ் வரலாற்றை எழுதுவோரில் பலர் குவாரிமென்னை, லெனனும் பால் மெக்கார்ட்னியும் சந்திப்பதற்காகப் போடப்பட்ட பந்தல் போலக் கருதி, சில பக்கங்களில் கடந்துவிடுகின்றனர். ஆனால் நட்பு ஒன்றையே தகுதியாகக் கொண்டு கூடிய கூட்டம், திறமையை மட்டுமே தகுதியாகக் கேட்கும் கூட்டமாக எவ்வாறு மாறியது என்பதை அக்குழுவின் மூன்றாண்டு வாழ்க்கை அளவுக்குத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு ராக் இசை வரலாற்றில் அரிது; அந்த மாற்றத்தில் விடுபட்டுப் போனவர்களின் பங்கும் உரிய மதிப்போடு சொல்லப்பட வேண்டியது.

ஸ்கிஃபிள் என்ற சொல் 1920களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வழங்கிவந்தது. வாடகை கொடுக்க வழியில்லாத குடும்பங்கள் வீட்டிலேயே இசை விருந்து வைத்து, வருவோரிடம் சிறுதொகை பெற்று வாடகையைக் கட்டிவந்த வழக்கத்தோடு அது தொடர்புடையது; அத்தகைய விருந்துகளில் வீட்டுப் புழங்குபொருள்களே பாதிக் கருவிகளாயின. அமெரிக்காவில் அச்சொல் வழக்கொழிந்து வெகுநாளான பிறகு, 1950களில் லண்டன் ஜாஸ் கலைஞர்கள் அதை மீட்டெடுத்தனர். கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழுவில் பாஞ்சோ வாசித்துவந்த லானி டானிகன், கச்சேரியின் நடுவில் ஊதுகருவிக் கலைஞர்கள் இளைப்பாறும் நேரத்தில், இரண்டொரு துணைவர்களை வைத்துக்கொண்டு அமெரிக்க நாட்டுப்பாடல்களைப் பாடுவது வழக்கம். அவ்வகையில் 1954 ஜூலையில் அவர் பதிவு செய்த 'ராக் ஐலண்ட் லைன்', அமெரிக்கத் தென்மாநிலச் சிறைகளில் கைதிகள் பாடிவந்து, லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகர் வழியாக வெளியுலகுக்குத் தெரியவந்த பாடல். அது 1955 இறுதியில் தனி இசைத்தட்டாக வெளிவந்து, 1956 தொடக்கத்தில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் ஏறியது.

அந்த இசைத்தட்டின் விளைவு அதன் விற்பனையைவிடப் பெரியது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதைக் 'கார்ட்' என்பர். கிதாரில் இடது கை விரல்களைக் குறிப்பிட்ட இடங்களில் அழுத்தி, வலது கையால் கம்பிகளை ஒருசேர மீட்டினால் அது பிறக்கும். டானிகன் பாடிய பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு மூன்று கார்டுகள் தெரிந்தால் போதும். எல்விஸ் பிரெஸ்லி 1956 மே மாதத்தில் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பாடலுடன் பிரிட்டனின் வீடுகளுக்குள் புகுந்தபோது, பதின்பருவத்தினர் அவரைப் போல் ஆக ஏங்கினர்; ஆனால் மின்கிதாரும் பயிற்சிபெற்ற துணைக்கலைஞர்களும் இல்லாமல் அவரைப் போல் ஒலிப்பது இயலாது. டானிகனைப் போல் ஒலிப்பதோ ஒரு வார முயற்சியில் கைகூடியது. ஏக்கத்தைக் கிளறியவர் எல்விஸ், கைக்கு எட்டும் வழியைக் காட்டியவர் டானிகன் என்று சொல்வது பொருத்தமாக இருக்கும்.

காலமும் அந்தத் தலைமுறைக்குச் சாதகமாக இருந்தது. உலகப்போர் தொடங்கிய காலத்தில் வந்த உணவுப் பங்கீடு பிரிட்டனில் 1954 ஜூலையில்தான் முழுமையாக நீங்கியது. வீடுகளில் சிறிது பணம் புழங்கத் தொடங்கியது. அதே சமயம், டாலர் செலவைக் குறைப்பதற்காக அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்கு விதித்த தடை 1959 வரை நீடித்ததால், பையன்கள் இசைத்தட்டு உறைகளில் பார்த்து மயங்கிய அமெரிக்கக் கிதார்கள் அவர்களுக்குக் கிட்டவில்லை. ஜெர்மனியிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வந்த மலிவான கிதார்களையே வாங்கினர். இவற்றைவிட முக்கியமானது கட்டாயப் படைச்சேவை. பதினெட்டு வயதை எட்டிய ஆண்களை இரண்டாண்டு படைக்கு அழைக்கும் அம்முறையை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 1957 ஏப்ரலில் அரசு அறிவித்தது. அதன்படி 1939 அக்டோபர் முதல் நாளிலோ அதன் பின்போ பிறந்தவர்கள் அழைக்கப்படவில்லை. லெனன் பிறந்தது 1940 அக்டோபர் 9. ஓராண்டும் சில நாட்களும் முன்னதாகப் பிறந்திருந்தால், அவர் குழு சூடுபிடித்துவந்த நாட்களில் அவர் ஏதேனும் ஒரு படைமுகாமில் அணிவகுத்து நின்றிருக்கக்கூடும்.

தேயிலைப் பெட்டியைப் பற்றியும் ஒரு சொல் இங்கே தகும். லிவர்ப்பூல் துறைமுக நகரம். ஆங்கிலேயரின் தேநீருக்கான இலை வந்திறங்கிய பெட்டிகள் கடை வாசல்களிலும் வீட்டுப் பரண்களிலும் எளிதில் கிடைத்தன. பிரிட்டன் குடித்த தேயிலையில் ஒரு பகுதி இலங்கை மலையகத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் கொய்தது. வூல்ட்டன் பையன்களின் கைக்கு வந்த பெட்டி எந்தத் தோட்டத்தின் முத்திரையைத் தாங்கியிருந்தது என்பதை இன்று யாரும் சொல்ல இயலாது. எனினும் ராக் இசையின் இந்தத் தொடக்கக் கருவியின் மரச்சட்டத்துக்குள் தோட்டத் தொழிலாளரின் உழைப்பும் ஒருகாலத்தில் அடைபட்டு வந்தது என்பதை மறக்க வேண்டியதில்லை.

பெரியம்மாவின் வீடும் அம்மாவின் பாஞ்சோவும்

லெனனின் தந்தை ஆல்பிரட் கப்பல் பணியாளர். மகனின் குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்திலிருந்து விலகிப்போனார். தாய் ஜூலியா வேறொருவருடன் இல்வாழ்வு தொடங்கியதால், ஜூலியாவின் மூத்த சகோதரி மிமி ஸ்மித், தம் கணவர் ஜார்ஜுடன் வாழ்ந்த 251 மென்லவ் அவென்யூ வீட்டில் சிறுவனை வளர்த்தார். 'மெண்டிப்ஸ்' என்று பெயரிடப்பட்ட அந்த வீடு நடுத்தர வர்க்கத்தின் ஒழுங்குக்கு இலக்கணமானது: நூல்கள் நிறைந்தது, தோட்டம் உடையது, நேரம் தவறாதது. லெனனைத் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பின் பிள்ளையாகக் காட்டும் பழைய வழக்கம் உண்மைக்குப் பொருந்தாது. குவாரிமென்னில் சேர்ந்த பையன்களில் பலரும் பதினொரு வயதுத் தேர்வில் தேறி, 'கிராமர் ஸ்கூல்' எனப்படும் தேர்ந்த மேனிலைப் பள்ளிகளில் இடம்பெற்றவர்கள். லெனன் 1952 செப்டம்பரில் சேர்ந்த குவாரி பேங்க் பள்ளியும் அத்தகையதே. அங்கே அவர் கேலிச்சித்திரம் வரைவதிலும் வகுப்பைக் குலைப்பதிலும் பெயர்பெற்றார். 1955இல் பெரியப்பா ஜார்ஜ் இறந்த பிறகு அந்தப் போக்கு கடுமையானது.

ஜூலியா இரண்டு மைல் சுற்றளவுக்குள்ளேயே, புளோம்ஃபீல்ட் சாலையில் வாழ்ந்தார். பதின்பருவத்தில் லெனன் அவ்வீட்டுக்கு அடிக்கடி போய்வரத் தொடங்கியபோது கண்டது, பாடவும் ஆடவும் தெரிந்த, பாஞ்சோ வாசிக்கும், எல்விஸ் இசைத்தட்டுகளை உரக்க ஒலிக்கவிடும் ஒரு தாயை. மகனுக்கு முதல் கிதார் வாங்கிக் கொடுத்தவராகச் சொல்லப்படுபவரும் அவரே. 'கேலடோன் சாம்பியன்' என்ற அந்தத் தென்னாப்பிரிக்கக் கிதாரின் உட்புறத்தில், மரம் பிளக்காது என்று உறுதிகூறும் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. லெனனும் வகுப்புத் தோழர் எரிக் கிரிஃபித்ஸும் முறையான கிதார் வகுப்புக்குச் சென்று ஓரிரு பாடங்களோடு நின்றுவிட்டனர். அதன்பின் ஜூலியா இருவருக்கும் தமக்குத் தெரிந்த பாஞ்சோ முறையில் சுருதி சேர்த்து, பாஞ்சோ கார்டுகளையே சொல்லிக்கொடுத்தார். ஆறு கம்பிகள் கொண்ட கருவியை நான்கு கம்பிக் கருவிபோல் பாவித்து வாசிக்கும் இந்த ஒழுங்கற்ற முறைதான் ராக் இசையின் மிகப் புகழ்பெற்ற குழுவுக்கு அடித்தளம். பிழையான முறை என்று இசையாசிரியர் சொல்லக்கூடும். ஆனால் அது தாயிடமிருந்து வந்தது, அன்றே பாடத் தொடங்குவதற்கு உதவியது. கிதாரால் பிழைக்க முடியாது என்ற பொருளில் மிமி எச்சரித்ததும், வீட்டு முகப்பில் கண்ணாடி அடைத்த தாழ்வாரத்துக்கு அவர் பயிற்சியை ஒதுக்கியதும் பலமுறை எழுதப்பட்ட செய்திகள். அக்கறை மிகுந்த பெரியம்மாவின் கண்டிப்புக்கும் அன்பு மிகுந்த அம்மாவின் இளக்கத்துக்கும் இடையில்தான் அந்தப் பையன் வாசிக்கக் கற்றான்.

குழு 1956இன் பிற்பகுதியில் கூடியது. அதில் சேர்ந்த முறை கவனத்துக்குரியது. பீட் ஷாட்டனுக்கு இசை தெரியாது. சிறுவயதிலிருந்தே லெனனின் இணைபிரியாத நண்பர் என்பதால் அவர் கையில் துவைக்கும் பலகை கொடுக்கப்பட்டது. ராட் டேவிஸிடம் பாஞ்சோ இருந்தது. ஆகவே அவர் பாஞ்சோக் கலைஞர். தேயிலைப் பெட்டியைப் பில் ஸ்மித், நைஜல் வாலி, ஐவன் வாகன் எனச் சிலர் மாறிமாறி மீட்ட, கடைசியில் அது லென் கேரியிடம் நிலைத்தது. கோலின் ஹாண்டன் பள்ளியை விட்டு, மெத்தை நாற்காலிகளுக்கு உறை தைக்கும் தொழிலில் பயிற்சிபெற்று ஊதியம் வாங்கிவந்தவர். தவணை முறையில் டிரம்ஸ் வாங்கி வைத்திருந்தார், முழுத் தொகுதி டிரம்ஸ் வைத்திருந்த குழு அந்த வட்டாரத்தில் மதிப்பைப் பெற்றது. வாலி பின்னர் குழுவின் மேலாளராகி, பெயர் அச்சிட்ட அட்டைகளைக் கடைகளில் விநியோகித்து நிகழ்ச்சி தேடினார். பாடலின் சொற்கள் தெரியாதபோது அங்கேயே புனைந்து பாடிய லெனனைத் தலைவராக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் பாடினார், மற்றவர்கள் பின்தொடர்ந்தனர். பள்ளிப் பாட்டில் வரும் 'குவாரி மென்' என்ற தொடரிலிருந்து, பாதி பெருமையாகவும் பாதி பரிகாசமாகவும் பெயர் எடுக்கப்பட்டது. வூல்ட்டன் கல்சுரங்கங்களுக்குப் பேர்போன இடம் என்பதால் அப்பெயர் ஊருக்கும் பொருந்தியது.

தொடக்க நிகழ்ச்சிகள் எளியவை: பள்ளி நடனங்கள், தேவாலய மண்டபங்கள், இளைஞர் மன்றங்கள். 1957 ஜூன் 9 அன்று, புதிய கலைஞர்களை மேடையேற்றிய கரோல் லெவிஸ் என்பவரின் தேர்வுப் போட்டியில் லிவர்ப்பூல் எம்பயர் அரங்கில் கலந்துகொண்டு தோற்றனர். அதே மாதம் 22ஆம் நாள், 1207இல் ஜான் மன்னர் நகருக்குச் சாசனம் வழங்கியதன் 750ஆம் ஆண்டைக் கொண்டாடிய ரோஸ்பெரி தெருவில், நிலக்கரி லாரியின் பின்தட்டையே மேடையாக்கி வாசித்தனர். அடுத்த தெரு இளைஞர்கள் சிலர் லெனனை அடிக்கக் காத்திருப்பதாகத் தெரிந்ததும், நிகழ்ச்சி முடிந்தவுடன் ஒரு வீட்டுக்குள் புகுந்து தப்பினர்.

ஜூலை 6

1957 ஜூலை 6 சனிக்கிழமையன்று, வூல்ட்டன் புனித பீட்டர் தேவாலயத்தின் கோடை விழா நடைபெற்றது. ரோஜா அரசியாக ஒரு சிறுமிக்கு முடிசூட்டும் சடங்கு, ராணுவப் பாண்டு வாத்தியம், காவல்துறை நாய்களின் சாகசக் காட்சி ஆகியவற்றுக்கு இடையில், இளைஞர்களைக் கவர்வதற்காக ஸ்கிஃபிள் குழு ஒன்றையும் சேர்த்திருந்தனர். குவாரிமென் முதலில் ஊர்வல லாரியில் ஏறி வாசித்தபடி ஊரைச் சுற்றினர். பிற்பகலில் தேவாலயத்தின் பின்னாலிருந்த திடலின் மேடையிலும், இரவில் சாலையின் எதிர்ப்புறமிருந்த தேவாலய மண்டபத்தின் நடன நிகழ்ச்சியிலும் வாசித்தனர். பள்ளித் தோழர் ஒருவர் திடலில் எடுத்த நிழற்படம் இன்றும் உள்ளது: கட்டம்போட்ட சட்டையும் கலைந்த முடியுமாக, ஒலிவாங்கியின் முன் கிதாருடன் நிற்கும் லெனனைச் சுற்றி, ஒவ்வொருவரும் தம் கருவியில் கண்ணாக இருக்கும் ஐந்து பேர். டெல்-வைகிங்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 'கம் கோ வித் மி' பாடலை, சொற்கள் தெரியாமல், ஸ்கிஃபிள் பாடல்களில் வரும் சிறைச்சாலைச் சொற்களை இட்டு நிரப்பி லெனன் பாடியதைக் கூட்டத்தில் நின்ற பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கவனித்தான்.

அவன் பால் மெக்கார்ட்னி. லிவர்ப்பூல் இன்ஸ்டிடியூட் பள்ளியில் தன்னோடு படித்த மெக்கார்ட்னியை விழாவுக்கு அழைத்துவந்தவர் ஐவன் வாகன். ஆலர்ட்டன் பகுதியின் ஃபோர்த்லின் சாலையில் வாழ்ந்த மெக்கார்ட்னியின் தந்தை ஜிம் பருத்தி வணிக நிறுவனத்தில் விற்பனையாளர், இளமையில் ஜாஸ் குழு நடத்தியவர். தாய் மேரி மகப்பேற்றுச் செவிலி. மேரி 1956 அக்டோபர் 31 அன்று புற்றுநோயால் இறந்திருந்தார். தந்தை வாங்கித்தந்த டிரம்பெட்டை ஊதிக்கொண்டே பாட முடியாது என்பதால், அதைக் கொடுத்து 'ஜெனித்' கிதார் ஒன்றை மாற்றிக்கொண்ட அந்தப் பையன் இடக்கையாளன். கம்பிகளைத் தலைகீழாக மாற்றிக் கட்டினால்தான் தன்னால் வாசிக்க முடியும் என்பதைத் தானே கண்டுபிடித்தவன். தாயை இழந்தபின் கிதாரே அவனுடைய முழுநேர உலகமாயிற்று என்பதை அவனுடைய சகோதரர் உட்படப் பலரும் பதிவு செய்துள்ளனர்.

மண்டபத்தில் மாலை நிகழ்ச்சிக்கான ஏற்பாடுகள் நடக்கையில் வாகன் இருவரையும் அறிமுகப்படுத்தினார். மெக்கார்ட்னி எடி காக்ரனின் 'ட்வென்டி ஃபிளைட் ராக்' பாடலை முழுச் சொற்களோடும் சரியான கார்டுகளோடும் பாடிக் காட்டினார். லிட்டில் ரிச்சர்டின் அலறலையும் பிசகாமல் தொண்டையில் கொண்டுவந்தார். கிதாருக்கு முறையாகச் சுருதி சேர்க்கும் வழியையும் காட்டினார். பாஞ்சோ முறையில் வாசித்துவந்த குழுவில் அந்தத் திறன் யாரிடமும் இல்லை. சந்திப்பு அவ்வளவே. யாரும் அன்று குழுவில் சேர அழைக்கப்படவில்லை.

அதன்பின் வந்த நாட்களில் நடந்ததே இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம்; அது வெளியில் தெரியாமல், ஒரு பதினாறு வயதுப் பையனின் மனத்துக்குள் நடந்தது. லெனன் அதுவரை அக்குழுவில் எதிர்ப்பில்லாத தலைவர். தன்னைவிட நன்றாக வாசிக்கும், தோற்றமும் குரலும் வாய்த்த ஒருவனைச் சேர்த்தால் குழு வலுப்பெறும், தன் தலைமை தளரும். சேர்க்காவிட்டால் தலைமை நிலைக்கும், குழு இருந்த இடத்திலேயே இருக்கும். 1970இல் அளித்த நீண்ட நேர்காணலில் லெனன் தாம் அப்போது இவ்வாறு எண்ணிப் பார்த்து, குழுவை வலுப்படுத்தவே தீர்மானித்ததாகக் கூறினார். பதின்பருவத்தில் தன்னைவிட மேலான ஒருவனை அருகில் நிறுத்திக்கொள்ளும் மனவலிமை எளிதில் வாய்ப்பதன்று. லெனனின் இளமைப் பண்புகளில், முரட்டுத்தனத்துக்கும் நையாண்டிக்கும் அடியில், மிக மதிப்புடையது இதுவே. இரண்டு வாரமளவில், மிதிவண்டியில் வந்த மெக்கார்ட்னியை வழியில் கண்ட ஷாட்டன் குழுவில் சேருமாறு சொன்னார். இசை தெரியாத நண்பர்களின் காலம் முடியப்போவதை அறிவிக்கும் அழைப்பை, இசை தெரியாத நண்பரே கொண்டுசென்றார்.

விடைபெற்றவர்கள்

ஷாட்டன் வெளியேறிய விதம் ஸ்கிஃபிளின் முடிவுக்கே சின்னமாயிற்று. தமக்கு இது ஒத்துவரவில்லை என்று அவர் சொல்ல, மது அருந்தியிருந்த லெனன் சிரித்தபடி துவைக்கும் பலகையை அவர் தலையில் அடித்து உடைத்தார்; இருவரும் சிரித்தனர், நட்பு குலையவில்லை, ஆனால் அந்தக் கருவி குழுவுக்குத் திரும்பவில்லை. ராட் டேவிஸின் விலகலுக்குப் பின்னால் இசைக்கொள்கை இருந்தது: அவர் நாட்டுப்பாடல் வகையை நேசித்தார், லெனனோ ராக் அண்ட் ரோலை நோக்கி இழுத்தார். மேத்யூ தெருவின் நிலவறையில் 1957 ஜனவரியில் ஜாஸ் மன்றமாகத் திறக்கப்பட்ட 'கேவர்ன்', ஸ்கிஃபிளை ஜாஸின் தூரத்து உறவாகக் கருதிப் பொறுத்துக்கொண்டது. ராக் அண்ட் ரோலைப் பொறுக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 7 அன்று அங்கே வாசித்த குவாரிமென், எல்விஸ் பாடல்களுக்குத் தாவியபோது, அதை நிறுத்துமாறு மன்ற உரிமையாளர் மேடைக்கே சீட்டு எழுதி அனுப்பினார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே நிலவறை பீட்டில்ஸின் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. மெக்கார்ட்னி சாரணர் முகாமுக்குச் சென்றிருந்ததால் அன்று அங்கு இல்லை. அவருடைய அரங்கேற்றம் அக்டோபர் 18 அன்று நியூ கிளப்மூர் ஹாலில் நடந்தது. அதில் முன்னணிக் கிதாரைத் தனித்து வாசிக்க வேண்டிய கட்டத்தில் அவர் விரல்கள் தடுமாறின. அந்தத் தடுமாற்றம் குழுவுக்கு வேறொரு கிதார் கலைஞர் தேவை என்பதை உணர்த்தியது.

இதற்கிடையில் லெனன் பள்ளி இறுதித் தேர்வுகளில் தோற்று, தலைமையாசிரியர் பாப்ஜாயின் பரிந்துரையால் 1957 செப்டம்பரில் லிவர்ப்பூல் கலைக் கல்லூரியில் சேர்ந்திருந்தார். அக்கல்லூரி மெக்கார்ட்னி படித்த இன்ஸ்டிடியூட் பள்ளியின் ஒட்டுக்கட்டடம் என்பது தற்செயல். ஆனால் மதிய இடைவேளைதோறும் சீருடை அணிந்த பள்ளி மாணவன் கல்லூரிக்குள் வந்து பாடிப்பழக அந்தத் தற்செயல் வழிவிட்டது. லெனன் பாஞ்சோ முறையை விட்டுக் கிதார் கார்டுகளைக் கற்றது மெக்கார்ட்னியிடமிருந்தே. ஒருவர் வலக்கையாளர், மற்றவர் இடக்கையாளர் என்பதால், எதிரெதிரே அமர்ந்து கற்கையில் விரல்நிலைகளைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி உணர வேண்டியிருந்தது. ஃபோர்த்லின் சாலை வீட்டின் முன்னறையில் இருவரும் தங்கள் சொந்தப் பாடல்களைக் கோடுபோட்ட பள்ளிக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினர். அக்காலப் பிரிட்டனில் பாடகர் பாடுவார், பாடலாசிரியர் எழுதுவார். பாடுபவரே எழுதுவது என்ற எண்ணம் பையன்களுக்கு வந்ததற்கு, தம் பாடல்களைத் தாமே இயற்றிய பட்டி ஹாலி பெரும் தூண்டுதல்.

மெக்கார்ட்னி பள்ளிப் பேருந்தில் பழகிய ஜார்ஜ் ஹாரிசன் 1943 பிப்ரவரியில் பிறந்தவர். 1958 தொடக்கத்தில் அவருக்குப் பதினைந்து வயதுகூட நிறைந்திருக்கவில்லை. கலைக் கல்லூரி மாணவரான லெனனுக்குச் சிறுவனைச் சேர்த்துக்கொள்வது கௌரவக் குறைவாகப் பட்டது. இரட்டை மாடிப் பேருந்தின் காலியான மேல்தளத்தில் 'ராஞ்சி' என்ற கருவியிசைப் பாடலை ஹாரிசன் சுரம் பிசகாமல் வாசித்துக் காட்டியதும் அந்தத் தயக்கம் தீர்ந்தது. ஆனால் நான்கு கிதார்கள் ஒரு குழுவுக்கு அதிகம். லெனனோடு முதல் நாளிலிருந்து இருந்த எரிக் கிரிஃபித்ஸுக்கு ஒத்திகை நடப்பதே தெரிவிக்கப்படாமல் போயிற்று. அவர் வணிகக் கப்பல் பணிக்குச் சென்றார். லென் கேரி மூளைக்காய்ச்சலால் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தபோது, தேயிலைப் பெட்டியும் மேடையிலிருந்து மறைந்தது. யாரையும் நேர்முகமாக நீக்காமல், சொல்லாமல் விட்டு விலக்கும் இந்த வழக்கம் அந்தக் குழுவின் குறைகளில் முதன்மையானது. பின்னாளில் பீட்டில்ஸ் ஒரு டிரம்மரை நீக்கும்போதும் அதே பழக்கம் தலைகாட்டியது.

1958 ஜூலை 12 அன்று, லிவர்ப்பூலின் கென்சிங்டன் பகுதியில் பெர்சி ஃபிலிப்ஸ் என்பவர் தம் வீட்டில் நடத்திய சிறு பதிவகத்தில் அவர்கள் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தனர். லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் ஆகியோரோடு கோலின் ஹாண்டன் டிரம்ஸ் வாசிக்க, ஜான் லோ என்பவர் பியானோ வாசித்தார். ஒரு பக்கத்தில் பட்டி ஹாலியின் 'தட்'ல் பி த டே'; மறுபக்கத்தில் மெக்கார்ட்னியும் ஹாரிசனும் சேர்ந்து உருவாக்கிய 'இன் ஸ்பைட் ஆஃப் ஆல் த டேஞ்சர்'. இரண்டிலும் முதற்குரல் லெனனுடையது. பிரதி ஒன்றே ஒன்று. ஐவரும் ஆளுக்கு ஒரு வாரமாக அதை வைத்திருப்பது என்று பேசிக்கொண்டனர். கடைசியாக வாங்கிய லோவின் வீட்டில் அது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கி, 1981இல் மெக்கார்ட்னி விலைகொடுத்து வாங்கிக்கொண்ட பின்பு, 1995இல் 'ஆந்தாலஜி' தொகுப்பின் வழியே மக்களின் செவிக்கு எட்டியது.

பதிவு நடந்து மூன்றாம் நாள், ஜூலை 15 மாலையில், மிமியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஜூலியா மென்லவ் அவென்யூவைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். சற்று முன்புவரை அவரோடு பேசிக்கொண்டு நடந்துவந்த நைஜல் வாலி அதைக் கண்ணால் கண்டார். லெனனுக்கு வயது பதினேழு. குழு பல மாதங்கள் ஏறக்குறைய முடங்கியது. தாயை இழந்த இருவர் என்ற பிணைப்பு லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் இடையில் அதன்பின் உருவானது. அவர்களுடைய பாடல் எழுதும் கூட்டுறவின் ஆழத்தைத் திறமைகளின் பொருத்தம் ஒன்றைக்கொண்டே விளக்கிவிட முடியாது.

அடுத்து விலகியவர் ஹாண்டன். பேருந்துத் தொழிலாளர் மன்றம் ஒன்றில் முதற்பகுதியை நன்றாக வாசித்துவிட்டு, இடைவேளையில் குடித்த பீரின் மயக்கத்தில் இரண்டாம் பகுதியைக் கெடுத்துக்கொண்டு வீடு திரும்புகையில், பேருந்தில் வாய்த்தகராறு முற்றியது. ஹாண்டன் தம் டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு தம் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கிப் போனார். அவர் அழைக்கவில்லை, அவர்களும் அழைக்கவில்லை. 1959 ஆகஸ்ட் 29 அன்று, மோனா பெஸ்ட் தம் வீட்டு நிலவறையில் திறந்த 'காஸ்பா' காபி மன்றத்தில் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன், புதிதாகச் சேர்ந்த கென் பிரவுன் ஆகிய நால்வரும் டிரம்மர் இல்லாமலே வாசித்தனர். உடல்நலமின்றி ஓரிரவு வாசிக்காத பிரவுனுக்கும் அவருடைய பங்கான பதினைந்து ஷில்லிங்கை மோனா கொடுத்ததை மற்ற மூவரும் ஏற்கவில்லை, அங்கிருந்து வெளியேறினர். இசையே தெரியாத நண்பன் கையில் துவைக்கும் பலகையைத் திணித்துச் சேர்த்துக்கொண்ட குழு, மூன்றாண்டுக்குள் நோயுற்றவனின் ஒருநாள் பங்கைக் கணக்குப் பார்க்கும் குழுவாயிருந்தது.

குவாரிமென் என்ற பெயரும் அந்த அளவில் உதிர்ந்தது. 1960இல் ஓவிய மாணவர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் பேஸ் கிதாருடன் சேர்ந்தார். பல பெயர்கள் மாறி, ஆகஸ்டில் பீட்டில்ஸ் என்ற பெயரோடு குழு ஹாம்பர்க் புறப்பட்டது. விடுபட்டவர்கள் தத்தம் வழியில் சென்றனர். ராட் டேவிஸ் கேம்பிரிட்ஜில் படித்தார். ஹாண்டன் தம் தொழிலையே தொடர்ந்தார். ஐவன் வாகன் ஆசிரியரானார். பார்க்கின்சன் நோயோடு நெடுநாள் போராடி 1993இல் மறைந்தபோது, அந்த இழப்பே மெக்கார்ட்னியை மீண்டும் கவிதை எழுதத் தூண்டியது. ஷாட்டனுக்குக் கடை ஒன்று வாங்க லெனன் பணம் கொடுத்தார். அந்த நட்பு பீட்டில்ஸ் புகழின் உச்சத்திலும் நிலைத்தது. 1997இல், தேவாலய விழாவின் நாற்பதாம் ஆண்டையொட்டி, எஞ்சியிருந்த குவாரிமென் தோழர்கள் வூல்ட்டனில் மீண்டும் கூடி வாசித்தனர். பின்னர் பல நாடுகளிலும் மேடையேறினர்.

ஜூலை 6 இரவின் சிறுபகுதி ஒலிவடிவிலும் எஞ்சியுள்ளது. மண்டபத்திலிருந்த இளைஞர் ஒருவர் கிரண்டிக் ஒலிநாடாக் கருவியில் அதைப் பதிவு செய்திருந்தார். காவல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அவர் 1994இல் அந்த நாடாவை வெளிக்கொணர, சதபீஸ் ஏலத்தில் இ.எம்.ஐ. நிறுவனம் 78,500 பவுண்டுக்கு அதை வாங்கியது. ஒலித்தரம் போதாது என்பதால் 'ஆந்தாலஜி' தொகுப்பில் அது இடம்பெறவில்லை. நாடாவில் உள்ள பாடல்கள் இரண்டு: எல்விஸ் பாடிய 'பேபி லெட்'ஸ் பிளே ஹவுஸ்', அந்த வாரம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த டானிகனின் 'புட்டிங் ஆன் த ஸ்டைல்'. மெக்கார்ட்னி அதில் இல்லை. உயரமான கூரையின் எதிரொலிக்குள் பதினாறு வயது லெனனின் குரல் ஓங்கி எழ, அதன் பின்னால் கிரிஃபித்ஸ், டேவிஸ், ஹாண்டன், கேரி, ஷாட்டன் ஆகியோரின் கருவிகள், எது எவருடையது என்று பிரித்தறிய முடியாதபடி கலந்து ஒலிக்கின்றன.